கின்மவுண்ட் காட்டில், பனி விழுவதற்கு முன்

வியாழன், அக்டோபர் 23, 2025

401-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து 35-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால் லின்ட்சே வரைக்கும் இரு பக்கமும் வயல்தான். ஃபெனலன் ஃபால்ஸ் தாண்டி 121-ஆம் சாலையில் போகப் போக வயல்கள் சுருங்கிவிடுகின்றன. சாலையோரத்தில் பாறை தலைகாட்டத் தொடங்குகிறது. கின்மவுண்ட் வந்து சேரும்போது மண் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. பாறை, சதுப்பு, மரம், ஏரி, மறுபடியும் பாறை. உழவுக்கு ஒத்துவராத இந்த ஒன்டாரியோ நிலம்தான் குளிர்காலத்தில் ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர்களைச் சுண்டி இழுக்கிறது.

அத்தான் லின்ட்சேயில் இருக்கிறார். சில வருடங்களாக இந்தப் பகுதியின் ஸ்னோமொபைல் கிளப் ஒன்றில் உறுப்பினர். "பனி கொட்டின பிறகு வந்து ஓட்டிவிட்டுப் போகிறாய் தம்பி, தடம் எப்படி உருவாகிறது என்று ஒரு தடவை வந்து பாரேன்" என்று போன குளிர்காலத்திலேயே சொல்லியிருந்தார். அதனால் இந்த முறை வண்டி இல்லை, ஹெல்மெட் இல்லை. கையுறை, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், ஆரஞ்சு நிறச் சட்டை.

ஸ்னோமொபைலைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்னால் இரண்டு சறுக்குப் பட்டைகள், பின்னால் சுழலும் ரப்பர் பட்டை, மேலே மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கை. இதன் கதை துயரத்தோடு கலந்தது. கியூபெக்கின் வால்கோர்ட்டைச் சேர்ந்த மெக்கானிக் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே பனியில் ஓடும் வண்டிக்காகப் பல வருடம் முயன்றுகொண்டிருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் அழற்சி. சாலைகளைப் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை, குழந்தை இறந்துவிட்டது. 1937-இல் ஏழு பேர் அமரும் பி7 என்ற பனிவண்டியை அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இப்போது நாம் பார்க்கிற மாதிரி சின்ன வண்டியான ஸ்கி-டூ 1959-இல் வந்தது.

வண்டி மலிவாகி எல்லார் கைக்கும் வந்ததும், எங்கே ஓட்டுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது. காடும் வயலும் யாரோ ஒருவருடையவை. அதற்கு விடையாக ஊர் ஊராகக் கிளப்புகள் முளைத்தன. 1960களின் பிற்பகுதியில் அவை ஒன்டாரியோ ஸ்னோமொபைல் கிளப்புகளின் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. இன்று இந்த மாகாணத்தில் மட்டும் ஏறத்தாழ 30,000 கி.மீ. தடம் இருக்கிறது. அதில் ஓட்ட பெர்மிட் வாங்க வேண்டும், அந்தப் பணம் தடத்துக்கே திரும்புகிறது. ஆனால் மரம் வெட்டுவது, பலகை அடிப்பது, வீடு வீடாகப் போய் அனுமதி கேட்பது எல்லாம் கூலி வாங்காத ஆட்களின் வேலை.

சாயங்காலம் கிளப்பின் கொட்டகையில் சின்னக் கூட்டம். நீள மேசையில் வரைபடம் விரித்திருந்தார்கள். எங்கெங்கே மரம் விழுந்திருக்கிறது, எந்தப் பாலத்தில் பலகை போயிருக்கிறது, யாருடைய கையெழுத்து இன்னும் வரவில்லை என்று மூன்று நிறப் பேனாவில் குறித்திருந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். வேலை பிரிக்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: நவம்பர் முதல் வாரத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டைக் காலம் தொடங்கிவிடும். அப்போது இந்தக் காடுகளில் செயின்சா என்கிற மோட்டார் ரம்பத்தோடு நடமாட முடியாது. ஆபத்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நிலத்துக்காரர்களில் பாதிப் பேர் வேட்டைக்காரர்கள். வருடம் முழுக்கக் காத்திருந்த இரண்டு வாரத்தில் சத்தம் போட்டு மானை விரட்டினால் அடுத்த வருடம் அனுமதி கிடைக்காது. ஆக, வெட்டுகிற வேலையெல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

கூட்டம் முடிந்து இருட்டுவதற்குள் பழைய ரயில் பாதை வரை நடந்துவிட்டு வந்தோம். இங்கே தடத்தின் முதுகெலும்பு அதுதான். தண்டவாளம் எடுத்த பிறகு கோடையில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும், பனிக்காலத்தில் ஸ்னோமொபைலுக்கும் பயன்படுகிறது. கின்மவுண்டிலிருந்து ஹாலிபர்ட்டன் ஊர் வரை ஏறத்தாழ 35 கி.மீ. இந்த ரயில் பாதை போடும் வேலைக்காக 1874-இல் ஐஸ்லாந்திலிருந்து வந்த ஏறத்தாழ 350 பேரை இங்கே குடியமர்த்தினார்கள். நெருக்கடியான மரக்குடில்களில் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். பல குழந்தைகள் இறந்துபோயின. அடுத்த வருடமே பெரும்பாலோர் கிளம்பி மனிடோபாவில் வின்னிபெக் ஏரிக்கரைக்குப் போய் கிம்லி என்ற ஊரை உண்டாக்கினார்கள். ரயில் 1878-இல் ஹாலிபர்ட்டனை எட்டியது. ஊரில் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. புலம்பெயர்ந்து வந்த நமக்கு அதன் முன்னால் நிற்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது. இந்தப் பாதையில் வண்டி ஓட்டிப் போகிற ஒவ்வொருவரும் அங்கே ஒரு நிமிடம் இறங்க வேண்டும் என்பது என் ஆசை.

வெள்ளி, அக்டோபர் 24

காலை எட்டு மணிக்கும் வெளிச்சம் முழுசாக வரவில்லை. மேப்பிள் இலைகள் எல்லாம் தரையில். சதுப்போரத்தில் டாமராக் மரங்கள் மட்டும் பொன்னிறத்தில் நின்றன. ஊசியிலை மரம்தான், ஆனால் குளிர்காலத்துக்கு முன் ஊசிகளை உதிர்த்துவிடும்.

இன்றைய வேலை கிளை வெட்டுவது. ரயில் பாதையிலிருந்து கிழக்கே பிரிந்து காட்டுக்குள் வளைந்து போகும் ஒரு கிளைத் தடம் எங்கள் குழுவுக்கு. செயின்சா பயிற்சிச் சான்றிதழ் உள்ளவர்கள் இரண்டு பேர், நீளக் கழியில் ரம்பம் பொருத்தியவர் ஒருவர், இழுத்துப் போட அத்தானும் நானும் இன்னும் சிலரும். குழுத்தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பேச்சு குறைவு, ஆனால் எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நகர மாட்டார்.

இந்த வருடம் வேலை வழக்கத்தைவிட அதிகம். மார்ச் கடைசியில் இந்த வட்டாரத்தில் நாள்கணக்கில் உறைமழை பெய்தது நினைவிருக்கும். ஒரிலியாவிலிருந்து பீட்டர்பரோ வரை மின்கம்பங்கள் சாய்ந்து, பல வீடுகள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மழைத்துளி கிளையைத் தொட்டதும் கண்ணாடியாக உறைந்து, அடுக்கடுக்காக ஏறி, தாங்க முடியாமல் மரம் முறியும். செய்தியில் சாலைகளையும் வீடுகளையும் காட்டினார்கள். காட்டுக்குள் நடந்ததை இன்றுதான் பார்த்தேன். தலை ஒடிந்த பாப்லர்கள், நடுவில் பிளந்த மேப்பிள்கள், வளைந்து உச்சி தரையைத் தொட்டபடியே நின்றுவிட்ட இளம் பிர்ச் மரங்கள். சில இடங்களில் தடம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

அந்த வளைந்த பிர்ச்தான் இருப்பதிலேயே ஆபத்தானது என்று தலைவர் சொல்லித்தந்தார். விழுந்து கிடக்கிற பெரிய மரம் நகராது. வளைந்து நிற்கிற சின்ன மரத்துக்குள் இழுவிசை இறுகிக் கிடக்கிறது. தவறான இடத்தில் ரம்பம் வைத்தால் விடுபட்டுத் தெறித்து முகத்தில் அடிக்கும். வளைவின் உட்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, நார்களை மெல்ல மெல்லத் தளரவிட்டு, மரம் தானாகத் தொய்ந்த பிறகுதான் அறுக்க வேண்டும். ஒவ்வொரு பிர்ச்சுக்கும் இதே பொறுமை. இன்னொன்று, வெட்டத் தொடங்கும் முன் மேலே பார்க்க வேண்டும். மார்ச்சில் முறிந்து, கீழே விழாமல் மற்ற கிளைகளில் மாட்டிக்கொண்டு தொங்குகிற கட்டைகள் நிறைய இருந்தன. அந்த மாதிரி மரத்துக்குக் கீழே யாரையும் நிற்கவிடவில்லை. ஒரு மரத்தை அப்படியே விட்டுவிட்டு, சிவப்பு நாடா கட்டி, வரைபடத்தில் குறித்துக்கொண்டு நகர்ந்தோம். அதற்குப் பெரிய இயந்திரத்தோடு ஆள் வர வேண்டும்.

எவ்வளவு உயரத்துக்கு வெட்டுவது என்பதில் எனக்குத் தெரியாத கணக்கு ஒன்று இருந்தது. நான் நிற்கிற தரையிலிருந்து பார்த்தால் தலைக்கு மேலே தாராளமாக இடம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஜனவரியில் இந்தத் தரை அரை மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கும். அதன் மேல் க்ரூமர் என்கிற பனிச் சமன் இயந்திரம் வரும். அதோடு, பனிச் சுமையில் கிளைகளும் கீழே இறங்கும். அதனால் ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்துக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். அகலம், க்ரூமர் போவதோடு எதிரே வரும் வண்டி ஒதுங்கவும் வேண்டும். வளைவுகளில் உட்பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வெட்டினார்கள். எதிரே வருகிற விளக்கு முன்கூட்டியே தெரிந்தால் ஒரு உயிர் பிழைக்கும்.

அடிமரத்தைத் தரையோடு தரையாக வெட்டச் சொன்னார்கள். ஒரு சாண் விட்டு வெட்டினால், பனிக்கு அடியில் மறைந்து நின்று, க்ரூமர் பின்னால் இழுத்துவரும் இழுவையைக் கிழிக்கும். வெட்டிய கிளைகளை அடிப்பக்கம் தடத்தைப் பார்க்கிற மாதிரிப் போடக் கூடாது. தடத்தைவிட்டு இறங்கிவிடுகிற வண்டிக்கு அவை ஈட்டி வரிசை.

மதியம் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். செயின்சா ஓட்டியவருக்கு எழுபத்திரண்டு வயது. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஸ்னோமொபைல் ஓட்டுவதையே விட்டுவிட்டாராம். ஆனால் கிளை வெட்ட வருவதை விடவில்லை. எதற்காக என்று கேட்டேன். "இந்த வளைவை நாற்பது வருடத்துக்கு முன் நான்தான் வெட்டித் திறந்தேன். அதை மூடவிட எனக்கு மனசில்லை" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு எதுவும் தோன்றவில்லை. இருட்டும் வரை வெட்டியும் அந்தத் தடத்தில் பாதிதான் திறந்தது.

சனி, அக்டோபர் 25

இன்று ஆட்கள் அதிகம். வாரநாளில் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு குடும்பங்கள், பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி. இந்த மாகாணத்தில் 12 வயது ஆனால், தேர்வு எழுதி உரிமம் வாங்கித் தடத்தில் ஓட்டலாம். சாலையைக் கடந்து ஓட்ட 16 ஆக வேண்டும். அவள் உரிமம் வாங்கிவிட்டாள். அதனால் பலகை மாட்டுகிற குழுவுக்கு அவளே வழிகாட்டி மாதிரி இருந்தாள். எந்த இடத்தில் தனக்கு வழி குழம்பியது என்று அவளிடம் கேட்டுக் கேட்டுப் பலகை வைத்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பலகை வேலையில் நான் கற்றுக்கொண்டது: குறைவாக வைப்பதுதான் கடினம். ஒவ்வொரு மேட்டுக்கும் எச்சரிக்கை வைத்தால் ஓட்டுகிறவர் எதையும் பார்க்க மாட்டார். சாலைக் கடப்பு, கூர்மையான திருப்பம், பாலம், தடங்கள் சந்திக்கும் இடம் ஆகியவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். நிறுத்தப் பலகைக்கு முன்னால், நிற்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லும் பலகை ஒன்று. பனி மேல் பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரத்தை வைத்து அதன் இடம் தீர்மானமாகிறது. தடத்தில் சட்டப்படி வேகம் மணிக்கு 50 கி.மீ., ஆனால் அதை மீறுகிறவரையும் மனதில் வைத்தே நட வேண்டியிருக்கிறது. எல்லாம் விளக்கொளியில் மின்னும் பலகைகள். இரவில் அவை இல்லாவிட்டால் காட்டுக்குள் எல்லாத் திறப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். மரத்தில் ஆணி அடிப்பதில்லை, தனிக் கம்பம் நடுகிறார்கள். நாளைக்கு அந்த மரத்தை விற்க நினைக்கிற சொந்தக்காரருக்கு உள்ளே புதைந்த ஆணி பெரிய நஷ்டம். பாறையில் கம்பம் இறங்காத இடத்தில் கல்லை அடுக்கி நிறுத்தினோம்.

பிற்பகல் பாலங்கள். ஓடை ஒன்றின் மேல் மரப்பலகைப் பாலம். நடக்கும்போது உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் பல டன் எடையுள்ள க்ரூமர் இதன் மேல் போக வேண்டும் என்றதும் எல்லாருடைய பார்வையும் மாறிவிடுகிறது. சுத்தியலால் ஒவ்வொரு பலகையையும் தட்டி, மந்தமாக ஒலிப்பதைச் சுண்ணாம்பால் குறித்து, கழற்றி, புதுசு போட்டார்கள். கரையும் பாலமும் சேருகிற இடத்தில் மண் இறங்கியிருந்தது. அந்தச் சின்னப் பள்ளம் இப்போது ஒன்றுமில்லை, ஜனவரியில் வண்டியின் சறுக்குப் பட்டை அதில்தான் மோதும். சரளைக்கல்லை வாளி வாளியாகச் சுமந்து நிரப்பினோம். பாலத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட பலகைகள்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, தடத்துக்கு அடியில் தண்ணீர் கடக்கும் குழாயைப் பீவர் (குச்சிகளால் அணை கட்டும் விலங்கு) அடைத்துவைத்திருந்தது. குச்சி, சேறு, கல், பாதி மென்ற பாப்லர்க் கிளை. தண்ணீர் மேலேறித் தடத்தின் மேல் வழிந்தது. ஓடுகிற தண்ணீர் சீக்கிரம் உறையாது. உறைந்தாலும் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். மேலே பனி மூடிவிட்டால் அந்த மெல்லிய இடம் கண்ணுக்கே தெரியாது. பீவர் அணையை நினைத்தபடி உடைத்துவிடச் சட்டம் இடம் தருவதில்லை. பெரிய அணைக்கு உரிமம் உள்ளவரைத்தான் அழைக்க வேண்டும். குழாய் வாயில் அடைந்திருந்ததை மட்டும் நீளப் பல்வாரியால் இழுத்தெடுத்தோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்தவர் ஓர் ஓய்வுபெற்ற செவிலியர். ஒரு கட்டத்தில் குழாய் விடுபட்டுத் தண்ணீர் ஓவென்று இறங்க, எல்லாரும் கைதட்டினார்கள். ராத்திரியே பீவர் திரும்பவும் வந்து அடைக்கும், அடுத்த வாரமும் வந்து இழுக்க வேண்டும் என்று அத்தான் சொன்னார். அதை அலுப்பாகச் சொல்லவில்லை.

ஞாயிறு, அக்டோபர் 26

இன்று ரம்பம் இல்லை. நிலத்துக்காரர்களைப் பார்க்கிற நாள். இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமான நாள் இதுதான்.

இந்தத் தடத்தில் ஒரு பகுதி அரசு நிலம், ஒரு பகுதி பழைய ரயில் பாதை. மீதியெல்லாம் தனியார் நிலம். நிலத்துக்காரர்களில் பெரும்பாலோர் வாடகை வாங்குவதில்லை, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். வேண்டாம் என்று நினைத்தால் திரும்பப் பெறலாம். ஏதாவது விபத்து என்றால் தன் தலையில் விழுமோ என்ற பயம் அவர்களுக்கு இயல்பாகவே இருக்கும். அதற்காகக் கூட்டமைப்பு காப்பீடு வைத்திருக்கிறது. ஒன்டாரியோவின் நில உடைமையாளர் பொறுப்புச் சட்டமும், பொழுதுபோக்குத் தடத்துக்கு இலவசமாக இடம் விட்டவர் வேண்டுமென்றே ஆபத்து உண்டாக்காதவரை அவர் மேல் பெரிய பொறுப்பைச் சுமத்துவதில்லை. ஆனால் சட்டத்தைக் காட்டி யாரும் அனுமதி வாங்கிவிட முடியாது. சமையலறை மேசையில் உட்கார்ந்து, காபி குடித்து, போன வருடம் என்ன தொந்தரவு என்று கேட்டுத்தான் வாங்க முடியும்.

முதல் வீடு கெலர்ட் என்ற சிற்றூர்ப் பக்கத்தில். எண்பதை நெருங்கும் ஓர் அம்மா. வீட்டுக்குப் பின்னால் மேப்பிள் தோப்பு. இந்த வருடம் மகன் சாறு எடுக்கப் புதிதாகக் குழாய் வலை கட்டியிருக்கிறார். மரத்துக்கு மரம் நீல நிறக் குழாய்கள், நெஞ்சு உயரத்தில், தடத்துக்குக் குறுக்கேயும். ஒரு லிட்டர் மேப்பிள் பாகுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாறு வேண்டும். அந்தக் குழாய் அறுந்தால் அவர்களுக்கு நஷ்டம். கழுத்து உயரத்தில் குறுக்கே போகிற குழாய் ஓட்டுகிறவருக்கு மரணம். அந்த அம்மாவுக்குத் தடத்தை மூட விருப்பமில்லை. "அந்த வண்டிகளின் விளக்கு தெரிந்தால்தான் குளிர்காலத்தில் எனக்கு ஆள் நடமாட்டம் இருப்பதாகத் தோன்றுகிறது" என்றார். மகனுக்கோ தோப்பைப் பற்றிய கவலை. தோப்புக்குள் நடந்து பார்த்து, கிழக்கு ஓரத்தில் பழைய வண்டிப் பாதை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தடத்தை அங்கே நகர்த்தலாம். மார்ச்சில் சாறு இறங்கத் தொடங்கும் நாளில் மகன் ஒரு போன் செய்தால் அந்தத் துண்டை அன்றே மூடிவிட வேண்டும். இதையும் தாளில் எழுதிக் கையெழுத்தானது. தலைவர் மறுபடி மறுபடி வாசித்துக் காட்டியதைப் பார்த்தபோது, ஒவ்வொரு வருடமும் இவர்கள் காப்பாற்றி வருவது இந்தத் தாள்களில் உள்ள வாக்கைத்தான் என்று புரிந்தது.

அடுத்த வீட்டில் அது நடக்கவில்லை. நகரத்திலிருந்து வந்து மூன்று வருடத்துக்கு முன் நிலம் வாங்கிய ஒருவர். முதல் இரண்டு வருடம் அனுமதி தந்தார். போன பிப்ரவரியில் நள்ளிரவுக்குப் பிறகு சிலர் தடத்தைவிட்டு இறங்கி, அவர் நட்டிருந்த பைன் கன்றுகளின் மேல் வட்டம் வட்டமாக ஓட்டியிருக்கிறார்கள். பனிக்கு மேல் நுனி மட்டும் தெரிந்த கன்றுகள். பல நூறு உச்சி முறிந்து போயிற்று. எங்களைக் கூட்டிப் போய்க் காட்டினார். வரிசை வரிசையாக மொட்டைக் குச்சிகள். கோபமாகக்கூடப் பேசவில்லை, களைப்பாகப் பேசினார். இனி வேண்டாம் என்றார்.

வாதாடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. தலைவர் மன்னிப்புக் கேட்டார், இரண்டு வருடம் இடம் தந்ததற்கு நன்றி சொன்னார், வசந்தத்தில் கன்று நட ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அனுமதியைத் திரும்பக் கேட்கும் சாயல்கூட அதில் இல்லை. பிறகு நாங்கள் அந்த நிலத்தில் இருந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். கம்பம் இருந்த குழிகளை மூடினோம். இரண்டு எல்லையிலும் கயிறு கட்டி, தடம் மூடப்பட்டது என்று எழுதி மாட்டினோம். போட்ட வேலையைத் தாங்களே இவ்வளவு கவனமாகக் கலைத்த அந்த மனிதர்கள் மேல் எனக்கு வந்த மரியாதை பெரியது. அந்தக் கன்றுகளின் மேல் ஓட்டியவர்கள் மேல் வந்த கோபமும் அப்படித்தான். சில நிமிட ஆட்டம். அதனால் ஏறத்தாழ 20 கி.மீ. சுற்றுத் தடம் நடுவில் அறுந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை அந்த எழுபத்திரண்டு வயதுக்காரர் வெட்டித் திறந்த வளைவும் இதே சுற்றில்தான் இருக்கிறது.

இதைப் படிக்கிற நம் பிள்ளைகள் பலர் குளிர்காலத்தில் வண்டி வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள், எனக்குத் தெரியும். தடத்தின் இரு ஓரமும் சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக, வெறுமையாகக் கிடக்கிற அந்தத் திறந்த வெளி யாரோ ஒருவருடைய கோதுமை அல்லது கன்றுத் தோட்டம்.

திங்கள், அக்டோபர் 27

காலை முழுக்கக் கொட்டகையில். க்ரூமர் நின்றது. சக்கரத்துக்குப் பதில் நான்கு முக்கோணப் பட்டைகள், பின்னால் ஒரு லாரி நீளத்துக்கு இரும்பு இழுவை. புதிதாக வாங்கினால் சில லட்சம் டாலர் ஆகும், அதனால் பத்து வருடத்துக்கு மேலாகத் தைத்துத் தைத்து ஓட்டுகிறார்கள். பட்டைகளில் விரிசல் பார்ப்பது, எண்ணெய்க் குழாய் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது, இழுவையின் தேய்ந்த பிளேடுகளைக் கழற்றுவது என்று இரண்டு பேர் அடியில் படுத்துக் கிடந்தார்கள்.

ஓட்டுநர் அதன் வேலையை விளக்கினார். வண்டிகள் ஒரே இடத்தில் பிரேக் பிடித்து, ஒரே இடத்தில் வேகமெடுக்கப் பனி மேடு பள்ளமாகிறது. மேடு வந்ததும் அடுத்த வண்டியும் அங்கேயே பிரேக் பிடிக்கும், பள்ளம் இன்னும் ஆழமாகும். பிளேடுகள் பள்ளத்தின் அடி வரைக்கும் சீவ வேண்டும். மேலே மட்டும் சீவி நிரப்பினால் ஒரு நாளில் பள்ளம் திரும்பிவிடும். சீவிய பனி இழுவைக்குள் உருண்டு நொறுங்கும், கடைசியில் அகலமான தட்டு அதை அழுத்தும். நொறுங்கிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகச் சில மணி நேரம் குளிரில் யாரும் மேலே ஏறாமல் இருக்க வேண்டும். அதனால்தான் இரவு வேலை. நடையைவிடக் கொஞ்சம் கூடின வேகத்தில், விடிய விடிய, தனியாக.

சதுப்பு நிலங்களைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. முதல் பனி நிறைய விழுந்தால் நாமெல்லாம் சந்தோஷப்படுவோம். இவர்களுக்குக் கவலை. புதுப்பனிக்குள் காற்று நிறைந்திருப்பதால் அது கம்பளி போர்த்தினது போல் தரையின் சூட்டைப் பிடித்துவைக்கும், அடியில் சேறு உறையாமலே கிடக்கும். அதனால் பனி விழுந்த உடனே எடை குறைந்த ஸ்னோமொபைல்களை ஓட்டிப் பனியை மிதித்து அழுத்துகிறார்கள். காற்று வெளியேறினால் குளிர் கீழே இறங்கும். தரை இறுகிய பிறகுதான் க்ரூமர் போக முடியும். பனி கொட்டியும் ஏன் இன்னும் தடம் திறக்கவில்லை என்று டிசம்பரில் கேட்கிறவர்களுக்கு (நானும் கேட்டிருக்கிறேன்) பதில் இதுதான்.

ஏரிகள் கடைசி. கனடிய செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி, தெளிந்த பனிக்கட்டி தனி ஆள் நடக்க 15 செ.மீ., ஸ்னோமொபைலுக்கு 25 செ.மீ. தடிமன் வேண்டும். வெண்மையாகக் கலங்கிய பனிக்கட்டிக்கு ஏறத்தாழ பாதி பலம்தான். துளைக்கருவியோடு கிளப் ஆட்கள் நடந்து போய் இடம் இடமாகத் துளைத்து அளந்து, பாதுகாப்பான வழியில் குச்சி நடுவார்கள். அது ஜனவரிச் சமாச்சாரம்.

மதியம் வரைபட மேசைக்குத் திரும்பினோம். அறுந்த சுற்றை எப்படி இணைப்பது என்பதுதான் பேச்சு. வடக்கே அரசு நிலத்தின் வழியாகப் போகலாம், ஆனால் அங்கே ஓர் ஓடை, புதுப் பாலம் வேண்டும், இந்த வருடம் முடியாது. தெற்கே ஊராட்சிச் சாலையின் ஓரமாகக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பலாம். அதற்கு ஊராட்சியின் சம்மதமும் இன்னும் இரண்டு நிலத்துக்காரர்களின் கையெழுத்தும் வேண்டும். அதில் ஒருவரை, அவர் குளிர்காலத்துக்கு ஃபுளோரிடா கிளம்புவதற்கு முன் பிடிக்க வேண்டும். செவிலியரம்மா தானே போய்ப் பார்ப்பதாக ஏற்றுக்கொண்டார்.

இன்னும் மிச்சம் இருப்பவை: வெள்ளிக்கிழமைத் தடத்தின் மறுபாதி, சிவப்பு நாடா கட்டிய மரம், மேப்பிள் தோப்பின் கிழக்கு ஓரத்தில் புது வழி, பீவர் குழாய். வேட்டைக் காலத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை இருக்கிறது, முடிந்த பிறகு நவம்பர் கடைசியில் இரண்டு. அத்தான் இரண்டுக்கும் போகிறார், நானும் விடுப்பு கேட்டிருக்கிறேன். ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர்கள் பெர்மிட் வாங்கும்போது எந்தக் கிளப்புக்குப் பணம் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். அப்படியே அந்தக் கிளப்புக்கு ஒரு போன் போட்டு வேலை நாள் எப்போது என்று கேளுங்கள். செயின்சா பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெட்டுகிறவர் ஒருவருக்கு இழுத்துப் போட மூன்று பேர் தேவைப்படுகிறார்கள், அந்த மூன்று பேர்தான் எங்கேயும் கிடைப்பதில்லை.